இருபத்துமூன்று முதற்பிரதிகள்

நோர்வூட்
வியாழக்கிழமை

அன்பும் கண்ணியமும் நிறைந்த மச்சான் சிப்னாஸ் ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் என் மனைவியாகிய உங்கள் ராத்தா அசீசாவும் மகன் ஸஃப்வானும் மருமகள் றிப்காவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நுவரெலியாக் குளிரில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் வினோதா டீச்சரின் இரண்டாவது புத்தக வெளியீடு என்றும், முதற்பிரதி பெறுபவர் நோர்வூட் வர்த்தகரும் இலக்கியப் புரவலருமான அல்ஹாஜ் சரிபுதீன் என்றும் இலக்கிய வட்டத்தின் செயலாளராகிய நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழைப்பிதழ் அடித்து, அதை என் கடைக் கதவிலேயே ஆள் வைத்து ஒட்டியிருக்கிறீர்கள். நான் வரமாட்டேன். அந்தப் பிள்ளை தன்னுடைய முதல் புத்தகத்தில் கடைக்காரரைப் பற்றி எழுதியது பொய் என்று மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன். நாற்பது வருசம் இந்த பஸாரில் சம்பாதித்த பெயரை அவள் ஐந்து பக்கத்தில் கெடுத்துவிட்டாள்.

நீங்கள் கேட்பீர்கள், புத்தகம் வந்து எட்டு மாதமாகிறதே, இப்போது என்ன கோபம் என்று. நான் இப்போதுதான் படித்தேன். முழங்கால் வருத்தம் என்று ஸஃப்வான் என்னைக் கடைக்கு வர விடுவதில்லை. வீட்டில் சும்மா இருந்தவன் அலுமாரியைத் திறந்தேன். இத்தனை காலமும் நீங்கள் என்னை மேடை மேடையாக ஏற்றி வாங்க வைத்த முதற்பிரதிகளில் மிஞ்சிய இருபத்துமூன்றும் மினுக்குத் தாளும் ரிப்பனும் சுற்றியபடியே கிடந்தன. எழுத்தாளர் கொடுப்பார், நான் காசுக் கவரைக் கொடுப்பேன், படம் எடுப்பார்கள், சாப்பிட்டுவிட்டு வருவோம். வீட்டுக்கு வந்து பிரிக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? வேறு நாலைந்தை அப்படியே கலியாண வீடுகளுக்கும் கொடுத்திருக்கிறேன். யாரும் வந்து முறைப்பாடு சொல்லவில்லை, அவர்களும் பிரிக்கவில்லை போலிருக்கிறது.

இந்த இரண்டு மாதமாக நான் படித்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் ஒரு கவிதைப் புத்தகம். அதில் பக்கத்துக்குப் பக்கம் பனி அழுகிறது, மலை அழுகிறது, தேயிலைச் செடி விம்முகிறது. அறுபத்திரண்டு வருசமாக இந்தப் பனிக்குள்தான் இருக்கிறேன் மச்சான், அது ஒருநாளும் அழுது நான் பார்க்கவில்லை. அது பிஸ்கட்டை நமத்துப்போக வைக்கும், நெருப்புப் பெட்டியை நாசமாக்கும், அவ்வளவுதான். ஒரு வரியில் ஒரு சொல், மிச்சமெல்லாம் வெள்ளைத் தாள். நான் ஒரு கிலோ பைக்குள் ஒரு பருப்பைப் போட்டுக் கட்டிக் கொடுத்தால் சும்மா விடுவார்களா? அதற்கு அணிந்துரை மட்டும் பதினாறு பக்கம், எழுதியவர் நீங்கள்தான். அடுத்தது துப்பறியும் நாவல். கொலைகாரன் நோர்வூட் ஸ்டேசனில் ரயிலை விட்டு இறங்கி, பிளாட்பாரத்தில் பிளேன்ரீ குடிக்கிறான். நோர்வூட்டில் ஏது ஸ்டேசன்? ரயில் வேண்டுமென்றால் ஹட்டனுக்குப் போக வேண்டும் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சரி, தொலையட்டும் என்று படித்தால், கடைசியில் இன்ஸ்பெக்டர்தான் கொலைகாரன். அந்த மனிசன் இருநூறு பக்கம் அரசாங்கச் சம்பளத்தில் தன்னைத்தானே தேடியிருக்கிறான்.

மூன்றாவது, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று ஒருவர் எழுதியது. விடிவதற்கு முன் எழும்பி, தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, கண்ணாடி முன்னால் நின்று 'நான் வெற்றியாளன்' என்று ஏழு தரம் சொல்ல வேண்டுமாம். சுபஹ் தொழுகைக்கு எப்படியும் எழும்புகிறவன்தானே என்று ஊற்றினேன். மூன்றாவது தரம் சொல்லும்போதே பல் கிட்டிவிட்டது. நாலு நாள் காய்ச்சல், கொத்தமல்லித் தண்ணீர், உங்கள் ராத்தாவின் ஏச்சு. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், எழுதியவர் மட்டக்களப்பு வெயிலில் இருக்கிறார். அங்கிருந்து பச்சைத் தண்ணீரைப் பற்றிப் புத்தி சொல்ல யாராலும் முடியும். சமையல் புத்தகமும் ஒன்று இருந்தது, பத்து நிமிசத்தில் தேங்காய்ப்பால் அல்வா. றிப்கா மத்தியானம் லுஹருக்குக் கிண்டத் தொடங்கினா, பின்னேரம் அஸர் தொழுகையும் போனது, சட்டியும் போனது. இவர்கள் ஒருத்தராவது எழுதினதைச் செய்து பார்த்தார்களா, போன இடத்தைக் கண்ணால் பார்த்தார்களா? மனசுக்கு வந்ததை எழுதுகிறார்கள், நான் மாலையோடு நின்று வாங்குகிறேன்.

இப்படிக் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் வினோதாவின் கதைப் புத்தகத்தைப் பிரித்தேன். ஐந்தாவது கதை. சாமான் இல்லாத காலம், கொட்டுகிற மழையில் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி பேரப்பிள்ளைக்குப் பால்மா கேட்டுக் கடைக்கு வருகிறாள். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் 'இல்லை' என்கிறார். மேசைக்குக் கீழே சாக்கால் மூடி இரண்டு பெக்கட் இருக்கிறது. கடைக்காரருக்குப் பெயர் வைக்கவில்லையாம், பெரிய மரியாதை. கடைக்குப் பச்சைக் கதவு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுகிற ஆள் என்று எழுதினால் பிறகு பெயர் எதற்கு? இதைப் படித்தவுடன் ஆத்திரத்தில் கண்ணாடியைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டேன், அரை மணித்தியாலம் தேடினோம், அது வேறு கதை. பஸாரில் எட்டு மாதமாக ஆட்கள் என்னைக் கண்டால் ஏன் ஒரு மாதிரிச் சிரித்தார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது. அந்தப் புத்தக வெளியீட்டு மேடையில் விமர்சன உரை செய்த நீங்கள் குரல் தழுதழுக்க, 'இப்படி மனச்சாட்சி இல்லாத வியாபாரிகளும் நம்மிடையே இருக்கிறார்களே' என்றீர்கள். முன்வரிசையில் இருந்து பலமாகக் கைதட்டியது யார்? நான்தான். யாரோ பொகவந்தலாவைப் பக்கத்துக் கடைக்காரனைச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

நான் கேட்கிறேன், வினோதா இதைக் கண்டாளா? அந்த நேரம் அவள் ஆசிரியர் கலாசாலையில் விடுதியில் இருந்தாள். என் மேசைக்குக் கீழே அவள் எப்போது குனிந்து பார்த்தாள்? அங்கே என்ன இருக்கிறதென்று பெத்த மகன் ஸஃப்வானுக்கே தெரியாது. வந்து கேட்டது அவளுடைய தாய் மீனம்மா. அதை நான் மறுக்கவில்லை. அந்த மீனம்மாவே என் பக்கம் சாட்சி. போன திங்கட்கிழமை சாமான் வாங்க வந்தவ, நான் வீட்டில் இருக்கிறேன் என்று கேள்விப்பட்டுப் பின்கதவால் வந்து நின்றா. எழுதப் படிக்கத் தெரியாத மனுசி, கதையை மகள்தான் வாசித்துக் காட்டியிருக்கிறா. அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மொதலாளி, புள்ள எழுதுனத மனசுல வச்சுக்காதீங்க. நல்லா ஏசிட்டேன் அவள. அன்னைக்கு கடையில பால்மா இல்லாமத்தான் இல்லேன்னாங்க, இருந்திருந்தா அந்த மனுசன் எனக்குக் குடுக்காம இருந்திருப்பாரான்னு கேட்டேன். தோட்டத்து லய வீடுகள்ல எல்லாருக்கிட்டயும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

பார்த்தீர்களா? பெத்த தாயே சொல்கிறா. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை மேடையில் மன்னிப்புக் கேட்க வேண்டும், பிழையாக உரை செய்ததற்கு நீங்களும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இனி எந்த முதற்பிரதிக்கும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

உங்களுக்கும் வீட்டாருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தருவானாக. ராத்தாவும் ஸலாம் சொல்கிறா, மெதுவாக எழுதும்படியும் சொல்கிறா.

இப்படிக்கு,
கோபம் தீராத மச்சான்,
ஏ. எம். சரிபுதீன்

பி.கு. கவரை ஒட்டப்போனவன் திரும்பத் திறந்தேன். மீனம்மா சொன்னதை என் கையாலேயே எழுதிய பிறகு இதை இப்படியே அனுப்ப முடியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து சோறும் இறங்கவில்லை, ராத்தாவிடம் முழங்கால் வருத்தம் என்று சொல்லியிருக்கிறேன்.

வினோதா இரண்டு பெக்கட் என்று எழுதியிருக்கிறா. அது பிழை. அன்றைக்குக் காலையில்தான் லொறிக்காரன் ஒரு முழுப் பெட்டி இறக்கியிருந்தான். சாக்கால் மூடியும் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை பார்க்காமலே எழுதியிருக்கிறா, ஆனால் கிட்டத்தட்ட சரியாக எழுதியிருக்கிறா. மன்னிப்பு விசயத்தை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வாறேன், கீழே இருந்துகொள்கிறேன். மீனம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு முதற்பிரதியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் நாளைக்கு ஜும்மா முடிந்து லயத்துக்குப் போய் மீனம்மாகிட்ட உள்ளதைச் சொல்லப்போறேன். அந்தப் பெட்டி அன்றைக்குப் பின்னேரமே யாருடைய காரில் நுவரெலியாவுக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியும். அவங்க கேட்டால் நான் என்ன சொல்ல, மச்சான்?