நாலு முதல் ஆறரை வரை

குழந்தைகளைக் காக்க மனித குலம் இதுவரை கண்டறிந்த வழிகளில் தலைசிறந்தது கூட்டம் போடுவதுதான் என்பதை எங்கள் ‘குழந்தை மற்றும் குடும்ப நல ஒருங்கிணைப்புக் குழு’ ஐயம் திரிபற நிரூபித்துவிட்டது. அந்த வரலாற்றில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். வியாபாரிகள் சார்பில் என்னை உறுப்பினராகப் போட்டார்கள். மற்ற வியாபாரிகளுக்கு அன்று வேலை இருந்தது.

எங்களிடம் வந்த முதல் குடும்பத்தில் இரண்டே பேர். தையல் ஆலையில் வேலை பார்க்கும் தாய், எட்டு வயது மகள். தாயின் கோரிக்கை ஒரே மூச்சில் முடிந்துவிட்டது.

“ஸ்கூல் நாலு மணிக்கு விட்டுடறாங்க சார். எனக்கு ஆறரைக்குத்தான் வேலை முடியுது. வீட்ல தனியா இருக்கப் பயந்துக்கிட்டு தெருவுல எங்கேயாவது நிக்கிறா. ஏதோ ஒரு கடை வாசல்ல நின்னாளாம், அங்கேயும் விரட்டிட்டாங்க. அந்த ரெண்டரை மணி நேரம் யாராவது பார்த்துக்கிட்டா போதும்.”

அந்த இரக்கமற்ற கடைக்காரரைக் கண்டித்து நானே தீர்மானம் கொண்டுவந்தேன். ஒருமனதாக நிறைவேறியது.

ஒரு துன்பம் இவ்வளவு சுருக்கமாக இருக்க முடியுமா என்று தலைவருக்குச் சந்தேகம். பதினாலு பக்கப் படிவத்தை நீட்டினார். “இதுல கொஞ்சம் விவரமாக் கஷ்டப்படுங்கம்மா.”

படிவம் நிறைந்ததும் அவர்களுக்கு ‘மஞ்சள்’ நிலை வழங்கப்பட்டது. சிவப்பு என்றால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். பச்சை என்றால் கூட்டமே தேவையில்லை. மஞ்சள்தான் கூட்டத்துக்கு ஏற்ற நிறம்.

கூட்டம் எப்போதும் மாலை நாலு மணிக்கு. ‘பயனாளியின் பங்கேற்பு’ கட்டாயம். ஆகவே தாய் ஒவ்வொரு முறையும் அரை நாள் லீவு போட்டு வந்தாள். ‘குழந்தையின் மனம் புண்படலாகாது’ என்பதும் விதி. ஆகவே மகளைப் பற்றிப் பேசும்போது அவள் உள்ளே இருக்கக் கூடாது. குழந்தையைத் தனியாக விடுவது எவ்வளவு ஆபத்து என்று கதவைச் சாத்திக்கொண்டு ஆறரை வரை விவாதிப்போம். அவள் வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். எங்கேயோ பார்த்த முகமாகப் பட்டது. கடையில் பொருள் வாங்கியவர்கள் முகம் எனக்கு மறக்காது. இவள் வாங்கியவள் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

நான் பேரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். ஆனால் எங்கள் செயலாளர் அம்மையாரின் கைவரிசையைச் சந்தையில்கூடப் பார்த்ததில்லை.

“ரெண்டரை மணி நேரம்கிறது ரொம்ப அதிகமாத் தெரியுதும்மா. ஒண்ணரைக்கு முடியுமா?”

“மிச்சம் ஒரு மணி நேரம் அவளை எங்க மேடம் வைக்கிறது?”

“சரி, உங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். முக்கால் மணி. வாரத்துக்கு ரெண்டு நாள். இதுக்கு மேல பேசாதீங்க.”

“மிச்ச நாள்லயும் அவ குழந்தைதானே மேடம்?”

“அது அடுத்த கூட்டத்துக்கான பொருள்,” என்றார் தலைவர்.

நானும் சும்மா இருக்கவில்லை. முதலில் அரை மணி நேரம் சாம்பிள் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

இப்படியே எட்டுக் கூட்டம். ஒன்பதாவதற்குத் தாய் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னைக்கு லீவு சுலபமாக் கிடைச்சிருச்சா?” என்று பரிவோடு கேட்டார் தலைவர்.

“மொத்தமாவே கொடுத்துட்டாங்க சார். அடிக்கடி லீவு போடறவங்க வேணாமாம்.”

செயலாளர் முகத்தில் மெல்ல ஒளி பரவியது. “அப்படின்னா இனிமே நாலு மணிக்கு நீங்க வீட்லதான் இருப்பீங்க?”

“வேற எங்க போறது?”

‘தாய் தற்போது மாலை வேளைகளில் இல்லத்தில் உள்ளார். தேவை முழுமையாக நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதி, மஞ்சளைப் பச்சையாக்கினார்கள். கைதட்டினோம். தாய் தட்டவில்லை. “வேற வேலைக்கு யாரைப் பார்க்கணும் சார்?” என்றாள். அது வேறு குழுவாம். அதற்கு வேறு படிவமாம்.

ஆண்டறிக்கைப் படத்துக்குக் குழந்தை தேவைப்பட்டதால் முதன்முறையாக அவளுக்குக் கதவு திறந்தது. கூப்பிடப் போனவன் நான்.

“வாம்மா. என்னைத் தெரியுதா?”

“ஸ்கூலுக்கு எதிர்ல பாத்திரக் கடை மாமா. முன்னாடி உங்க வாசப்படியிலதான் நிப்பேன். அங்க ஆளுங்க இருப்பாங்கல்ல, பயமா இருக்காது.”

“அப்புறம் ஏன் நிக்கிறதில்ல?”

“வியாபாரத்துக்கு இடைஞ்சலா இருக்கு, தள்ளிப் போன்னு நீங்கதானே சொன்னீங்க.”

படத்தில் அவள் தோளில் கை வைத்து நிற்பது நான்தான். ‘குழந்தைகளின் காவலர்’ என்று பொறித்து எனக்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள். நல்ல கனம், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைக்குள்ளே வைக்க இடமில்லை. வாசற்படியில், அவள் நின்ற இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். வியாபாரத்துக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை.