பதினாறு போத்தல் சரித்திரம்

அன்றைக்கு டென்மார்க்கில், எங்கள் இக்காஸ்ட் வீட்டில் இருந்தவர்கள்: கோயில் தலைவர் மகேந்திரண்ணை. மடைப்பள்ளிப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட செல்வண்ணை. என் மனைவி வசந்தி. ஒன்பதாம் வகுப்பு மகள் ஆரணி. நான். பின்னறையில் பதினாறு போத்தல் பியர்.

பியர் நான் காய்ச்சியது. நான் குடிக்கிறவன் இல்லை. வெட்கமே அதில்தான்.

செல்வண்ணையை நீக்கியதும் நான்தான். முந்தைய திருவிழாவில் அவர் சாம்பாருக்கு மேல் குனிந்தபோது பியர் மணந்தது. வேலையிடத்தில் மத்தியானம் ஒரு போத்தல் குடித்திருந்தார். (ஒன்றே ஒன்று. நான் ஒரு பீப்பாய் என்று சொல்லித் திரிந்தேன்.) பொதுக்கூட்டத்தில் எழும்பி ஒரு விதி வாசித்தேன். "வீட்டில் மதுபானம் வைத்திருப்பவர் மடைப்பள்ளிக்குப் பொறுப்பாக இருக்கக் கூடாது." நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாழ்நாளில் எழுதிய நீளமான வசனம் அதுதான்.

"வீட்டிலயுமோ?" என்று தலைவர் கேட்டார்.

"ஓம் அண்ணை. அங்கதானே தொடங்கிறது."

செல்வண்ணை வீட்டில் பியர் இருப்பது எல்லாருக்கும் தெரியும். கை தட்டினார்கள். பொறுப்பு எனக்கென்று முடிவானது. ஆறு வருசமாக ஆசைப்பட்ட பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து மடைப்பள்ளிப் பூட்டின் திறப்பைத் தருவது, தலைவர் பக்கத்தில் இருப்பது என்று ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து ஆரணிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். வெள்ளைக்காரர் அமெரிக்காவில் போய்க் குடியேறிய காலத்து வீட்டு வாழ்க்கை. எழுதினால் மட்டும் போதாது, ஏதாவது செய்தும் கொண்டுபோக வேண்டும். அந்தச் சனம் தண்ணீரை அவ்வளவாக நம்பவில்லையாம். நாங்கள் தோசைக்கு அரைக்கிற மாதிரி பெண்கள் குசினியில் அடிக்கடி மெல்லிய பியர் காய்ச்சினார்களாம். பிள்ளைகளும் காலைக் கஞ்சியோடு அதைக் குடித்தார்களாம். தானியம் கிடைக்காவிட்டால் கறுப்புச் சீனிப்பாகு, தவிடு, பூசணிக்காய்கூட.

"நான் படம் கீறுறன் அப்பா," என்று ஆரணி டெனிஷில் சொன்னாள்.

"படம் எல்லாரும் கீறுவினம். நாங்கள் காய்ச்சுவம்."

வசந்தி நிமிர்ந்து பார்த்தாள். "உங்கட விதி?"

"இது பியரோ? புளிச்ச தண்ணி. தோசைமாவும்தான் புளிக்குது. அதுக்காக மாவைக் கோயிலால கலைக்கிறதோ?"

அப்படிச் சொன்னதும் எனக்கே என் மூளையில் மரியாதை வந்தது.

ஆரணி வாசிக்க வாசிக்கச் செய்தேன். தவிட்டையும் ஹொப்ஸ் என்ற காய்ந்த பூவையும் அவித்து, வடித்து, பாகு விட்டு, ஆறிய பிறகு ஈஸ்ட். பாகு ஒரு கோப்பை என்று இருந்தது. நான் மூன்று விட்டேன். (அளந்து சமைக்கிற வீட்டில் நான் பிறக்கவில்லை.) மூடியை மெல்ல வைக்கச் சொல்லியிருந்தது. செல்வண்ணையின் மூக்கை நினைத்து இறுக்கினேன். சில நாளில் குடித்து முடிக்க வேண்டுமாம். நான் ஒரு கிழமை வைத்தேன்.

வைத்த இடம் பின்னறை. டெனிஷ்காரர் புறூகர்ஸ் என்பார்கள். முந்தி அவர்களும் அதில்தான் பியர் காய்ச்சினார்களாம். இப்போது அதில் உடுப்புத் தோய்க்கிற மெசின் நிற்கும். எங்கள் வீட்டில் நிலத்தைச் சூடாக்கும் குழாயும் அங்கேதான், ஆகவே மா பொங்க வைப்பதும் அங்கேதான். மாச்சட்டிக்குப் பக்கத்தில் போத்தல்களை நிறுத்திப் போர்வையால் மூடினேன்.

"மாவுக்கு நான் மூடி இறுக்கிறேல்லை," என்றாள் வசந்தி.

"மா வேற."

(முதல்நாள் இரண்டும் ஒன்று என்றவன்தான்.)

இன்னொன்று. எங்கள் வீட்டுக்கு வருகிற தமிழர் யாரும் முன்கதவால் வருவதில்லை. பின்னறையால் வந்து, சப்பாத்தை அங்கேயே கழற்றுவார்கள். அதை நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தேத்தண்ணி, வடை. தலைவர் நாலு வார்த்தை சொன்னார். செல்வண்ணை திறப்பை மேசையில் வைத்தார். நான் கை நீட்டினேன்.

டப்.

"என்ன சத்தம்?" என்றார் தலைவர்.

"மெசின், அண்ணை."

டப். டப்.

செல்வண்ணை மூக்கை மெல்ல உயர்த்தினார். "தம்பி, மெசினுக்கு என்ன சோப் போடுறனீர்?"

பிறகு மிச்சமும் அநேகமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. கதவுக்குக் கீழால் மண்ணிற நுரை வந்தது, அவசரமில்லாமல். சத்தம் நின்றதும் தலைவர் கதவைத் திறந்தார். சுவரெல்லாம் நுரை. நிலமெல்லாம் கண்ணாடி. திருவிழாவுக்கென்று அவர் வாங்கிய புதுச் சப்பாத்து இரண்டும் கோப்பை மாதிரி நிரம்பியிருந்தன.

ஆரணி என்னைக் காப்பாற்ற வந்தாள். பாவம், தமிழில் வந்தாள்.

"மாமா, இது பிழை இல்லை. பிள்ளையள் காலைமை குடிக்கிறது."

"பிள்ளையும் குடிக்கிறதோ?"

"அது அமெரிக்காவில, அண்ணை," என்றேன்.

"அமெரிக்காவுக்கும் அனுப்புறனீரோ?"

செல்வண்ணை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். திறப்பை எடுத்துத் திரும்பச் சட்டைப் பையில் போட்டார். "விதி நான் எழுதேல்லைத் தம்பி. நீர்தான் எழுதினனீர். நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்."

இருவரும் சப்பாத்தைக் கவிழ்த்து ஊற்றி, கண்ணாடி இல்லையென்று பார்த்து, போட்டுக்கொண்டு போனார்கள். கார் வரைக்கும் சளக் சளக் என்று கேட்டது.

அடுத்த கூட்டத்தில் விதியைத் தூக்கினார்கள். மடைப்பள்ளி செல்வண்ணைக்கே போனது. அவருடைய சாம்பார்தான் திறம் என்று ஒரு ஆள் எழும்பிச் சொல்லவும் செய்தது. வசந்தி. எனக்கும் ஏதாவது தர வேண்டும் என்று செல்வண்ணையே முன்மொழிந்தார். கோயில் வாசலில் சப்பாத்துக் காவல்.

தப்பிய ஒரு போத்தலை ஆரணி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். மற்றவை ஏன் வெடித்தன என்று விளக்கி நல்ல புள்ளி எடுத்தாள். விளக்கத்தில் என் பெயரும் வந்ததாம்.

பதினொரு வருசம் போய்விட்டது. வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும் வசந்தி "மெசின்" என்பாள். செல்வண்ணை வருசா வருசம் என் முன்னால் செருப்பைக் கழற்றி, "நனையாமல் பாரும் தம்பி," என்று சொல்லிவிட்டு மடைப்பள்ளிக்குப் போவார். ஆரணி இப்போது ஓல்போர்க்கில் ஆஸ்பத்திரி வேலை. திருவிழாவன்று பின்னேரம் தவறாமல் போன் எடுப்பாள். சுகம் விசாரிக்க மாட்டாள். "எத்தனை, அப்பா?"

இந்த வருசமும் கேட்டாள். எண்ணிச் சொன்னேன்.

நானூற்றுப் பதினேழு சோடி.