ஓரம் கட்டிய எண்ணெய்

அர்ஜுனன் சாக்கடையோரம் குனிந்து பார்த்தான். இப்போதுதான் ஊற்றிய மண்ணெண்ணெய், பாய் விரித்தாற்போல் சாக்கடைத் தண்ணீர் முழுக்கப் பளபளவென்று படர்ந்திருந்தது. மேட்டுப் பக்கமிருந்து கொஞ்சம் சவுக்கார நுரை மிதந்து வந்தது. அவ்வளவுதான்! எண்ணெய் விலகி ஓடி, ஓரத்தில் துளித்துளியாகச் சுருண்டுகொண்டது. நடுவில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கிச் சொகுசாக மூச்சு வாங்கின.

ஜார்ஜ் டவுனில் கொசுப்புழு மூச்சு முட்டிச் சாகச் சாக்கடையில் எண்ணெய் ஊற்றுவதுதான் அவன் உத்தியோகம். மதியம் இன்ஸ்பெக்டர் பெர்னார்ட் வருகிறார். "ஒரு புழு இருந்தாலும் வேலை இல்ல. அழுக்குச் சட்டையோட நின்னாலும் வேலை இல்ல" என்று போன தடவையே சொல்லிவிட்டார். வேலை போனால் கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் மாமனார் வீட்டுச் சோறுதான். அதற்கு இந்தச் சாக்கடையிலேயே விழுந்துவிடலாம்.

இன்னொரு டின்னைக் கவிழ்த்தான். சட்டையெல்லாம் தெறித்தது. சந்தின் மேல்கோடியில் இருந்த தன் வீட்டுக்கு ஓடி, காலையில் ஒன்றைப் போட்டதுபோல் இதையும் வாசலில் கழற்றிப் போட்டு, வேறு காக்கி மாட்டி வந்தான். வந்து பார்த்தால் நுரை இரண்டு மடங்கு!

சாக்கை வைத்து அடைத்தான். தண்ணீர் பொங்கி, கால்சட்டை எண்ணெயில் ஊறியது. மறுபடி ஓட்டம், மறுபடி மாற்றுத்துணி. திரும்பினால் நுரை சாக்கையே தாண்டிக்கொண்டிருந்தது.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாக்கடையோர வீட்டு ஹபீபா பீவியிடம் பாய்ந்தான்.

"அக்கா! உங்க சவுக்காரத் தண்ணியால என் பொழப்பு போகுது!"

"ஐயோ, நான் மீன் கழுவுறேன் தம்பி. நீயே பாரேன்லா!"

"சும்மா சொல்லாதீங்க!"

"போ, கண்ணைத் தொறந்து லோங்காங்கைப் பாரு" என்று சாக்கடையைக் காட்டினார்.

அதற்குள் இன்ஸ்பெக்டரின் சைக்கிள் மணி கேட்டது. பெர்னார்ட் அகப்பையால் தண்ணீரை மொண்டார். புழுக்கள் துள்ளின.

"என்னப்பா இது?"

"நான் ஊத்தாம இல்லீங்கய்யா! எவளோ சவுக்காரத் தண்ணி விட்டு எண்ணெயைக் கலைக்கிறா. எந்த வீடானாலும் விடாதீங்க, வழக்குப் போடுங்க!"

"போட்டுருவோம். எந்த வீடு?"

ஹபீபா பீவி மீன் கையாலேயே மேல்கோடியைக் காட்டினார்.

"இவரு வீடுதான் ஐயா. காலையிலேர்ந்து இவரு கழட்டிப் போடுற காக்கியத்தான் இவரு பொஞ்சாதி தனலெட்சுமி வீட்டுக்குப் பின்னால ஒக்காந்து தொவைக்குது."