பால்கிரன் மக்கள் ஒன்றியம், மொன்றியல் கிளை

மொன்றியலில் இருந்த தமிழர்களிலேயே ஸ்கொட்லாந்துக்காக உண்மையாகக் கவலைப்பட்டவர் ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. பரிஷ் அண்ணை என்றால் தபால்காரருக்கும் தெரியும்.

பரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர். இலங்கையிலிருந்து கனடா வரும் வழியில் அண்ணை கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில், பால்கிரன் என்ற சின்னப் புறநகரில் பத்து மாதம் மாட்டிக்கொண்டார். வெளியே ஓயாத மழை. சும்மா போய்க் குளிர்காய நூலகம் ஒன்றுதான். அங்கே பழைய பால்கிரன் பரிஷின் சரித்திரம் என்று ஒரு மெல்லிய புத்தகம். அதைப் படித்தே ஆங்கிலம் கற்றார். அதனால் அவருடைய ஆங்கிலத்துக்கு முந்நூறு வயது. கடையில் பாண் கேட்கத் தெரியாது; தேவாலயத்துக்குத் தசமபாகம் கேட்கத் தெரியும். அதையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தால், இங்கே பிரெஞ்சு.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்து நிலவறையில் சலவை இயந்திரங்கள் இருந்தன. மருத்துவமனையில் துப்புரவு வேலை முடிந்து வந்தால் அங்கேதான் கதை கேட்க ஆள் பிடிப்பார். இயந்திரத்தில் உடுப்பைப் போட்டவர் எங்கே ஓடுவது?

"தங்கச்சி, பால்கிரன் போதகர் கோவிச்சுக்கொண்டு கோயிலைப் பூட்டித் திறப்பையும் கொண்டு போயிட்டார். சனம் ஒரு வருசம் மழையிலை நிண்டு கும்பிட்டது."

"ஏனண்ணை, பூட்டை உடைக்கிறதுக்கென்ன?"

"நல்ல பூட்டைப் போய் ஆர் உடைப்பினம்?"

என் உடுப்புக் காய்வதற்குள் ஒரு நூற்றாண்டு முடிந்துவிடும்.

எங்கள் சனம் ஆளைக் கண்டால் முதலில் ஊரைத்தான் கேட்கும். ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"தம்பி எந்த ஊர்?"

"பால்கிரன்."

"அது சாவகச்சேரிக்கு அங்காலையோ?"

"இல்லை ஐயா. கிளாஸ்கோவுக்கு இஞ்சாலை."

பெரியவர் பிறகு வடையோடுதான் கதைத்தார்.

மொன்றியல் நகரம் சுற்றியிருந்த சிறு நகரங்களை விழுங்கிய காலம் அது. அப்படி விழுங்கப்பட்ட டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்த முருகன் கோயிலுக்கு அண்ணை இரண்டு பஸ் மாறிப் போய், காரில் வந்திறங்கியவர்களின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். "எங்கடை பால்கிரனையும் கிளாஸ்கோக்காரர் இப்பிடித்தான் விழுங்கினவங்கள்." சில வருடம் கழித்து அந்த ஊர் வாக்குப்போட்டுப் பிரிந்து வந்தபோது அண்ணை ஒரு கிழமை யாரோடும் கதைக்கவில்லை. பொறாமை.

இங்கே ஒவ்வோர் ஊராருக்கும் ஒரு சங்கம் உண்டு. கோடையில் பூங்காவில் ஒன்றுகூடல் வைப்பார்கள். அண்ணையும் தொடங்கினார். தலைவர், செயலாளர், அங்கத்தவர் எல்லாம் அவரே. தமிழ்க்கடைக் கதவில் அறிவித்தல் ஒட்டினார்: ஊரவர் அனைவரும் வருக. இரண்டு வருடம் ஒரு குருவிகூட வரவில்லை. மூன்றாம் வருடம் எனக்கு மனம் கேட்கவில்லை, போனேன்.

இரண்டு மேப்பிள் மரங்களுக்கிடையே பதாகை. நாற்பது பேருக்குச் சோற்றுப் பொதி. நடுவில் அண்ணை, வாயில் கரண்டி, கரண்டியில் தேசிக்காய், தனியாக ஓட்டப்பந்தயம் ஓடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தேசிக்காய் விழுந்தது.

"வாரும் தங்கச்சி. ரெண்டாமிடம் சும்மா கிடக்குது."

"அண்ணை, உங்கடை சொந்த ஊர்ச் சங்கத்துக்குப் போனால் ஆக்களோடை இருக்கலாமே?"

அவர் குனிந்து தேசிக்காயை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அங்கை பேர் வாசிப்பினம் தங்கச்சி. இந்த வருசம் ஆர் ஆர் இல்லையெண்டு. பால்கிரனிலை செத்தவை எல்லாம் எப்பவோ செத்தவை. எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அது சுகம்."

ஆள் வந்துவிட்டதால் முறைப்படி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். முறைப்படி முதல் நிகழ்ச்சி, மறைந்த ஊரவருக்கு ஒரு நிமிட மௌனம். எழுந்து நின்றோம். பக்கத்துப் புல்வெளியில் யாரோ பந்தடித்தார்கள். அண்ணையின் உதடுகள் அசைவதைக் கண்டேன். போதகரின் பெயராக்கும் என்று காதைக் கொடுத்தேன். தவமணி, என்றார். சிவக்கொழுந்து. சின்னத்தங்கம். சின்னத்தங்கத்தின் பிள்ளைகளை ஒவ்வொன்றாக.

ஒரு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் ஆறுதலாகச் சொல்லி முடிக்கட்டும் என்று, நான் கையைக் கட்டியபடி பக்கத்திலேயே நின்றேன்.