ஓகே அண்ணன் வாய் மூடிய நாள்

பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தப்புதான் செய்திருக்கிறார் என்று நான் அடித்துச் சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அந்த ஒரு தப்புக்கும் காரணம் நான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ஓகே அண்ணன்.

நான் அப்போது ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி என்றதும் பெரிய கேட், உள்ளே தூங்குமூஞ்சி மரம் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கீழே டயர் கடை, மேலே நாங்கள். மொத்தம் இருபத்திரண்டு கம்ப்யூட்டர். பாதி, ஏதோ ஆபீஸில் பழசாகிவிட்டது என்று கழித்துக் கொடுத்தவை. மீதி அதைவிடப் பழசு. முதல் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்காக நாலு மணிக்கு வகுப்பு. ஆறு மாதம் படித்துப் பரீட்சையில் தேறினால் சான்றிதழ்.

முதல் நாள் வகுப்பு ஆரம்பித்துப் பத்து நிமிஷம் இருக்கும். சாம்பல் நிற யூனிஃபார்மில் நாற்பத்தைந்து வயசுக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. வலது பக்கம் விரலை நீட்டி, "ஓகே!" என்றார். இடது பக்கம் நீட்டி, "ஓகே!" நேராக என் மூக்கைக் காட்டி, "ஓகே!" அப்புறம்தான் காலை எடுத்து வைத்தார். முன்வரிசையில் இருந்த ஸ்டெல்லா ஏதோ ஜெபம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யார் சார் நீங்க? இன்ஸ்பெக்‌ஷனா?"

"அட்மிஷன் மேடம். பிள்ளைப்பாக்கம் கம்பெனி. பிரஸ் லைன்ல கீறேன், தகடு அமுக்கற மெஷினு."

"அதென்ன வாசல்ல நின்னு டிராஃபிக் போலீஸ் மாதிரி?"

"பாதை கிளியரா கீதான்னு பாக்கறது மேடம். கம்பெனில பழக்கிட்டாங்க."

வாசலோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். மனிதர் ஸ்விட்சைப் போடுமுன் ஸ்விட்சைக் காட்டி "ஓகே!" மானிட்டர் எரிந்ததும் "ஓகே!" திரையில் எதை அழுத்த வேண்டுமோ அதற்கு நேராக விரலை நீட்டி, அதன் பெயரைச் சொல்லி, "ஓகே!" விரலை மடக்கி மவுஸைப் பிடிப்பதற்குள் அம்பு வேறெங்காவது போயிருக்கும். உடனே மறுபடியும் முதலிலிருந்து. ஒரு கடிதத்துக்குத் தேதி போடவே அவருக்கு அரைமணி நேரம் ஆனது. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"மெதுவாச் சொல்லுங்கண்ணா, மத்தவங்களுக்குத் தொந்தரவு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னார். பிரஸ் மெஷின் பக்கத்திலேயே பத்தொன்பது வருஷம் நின்றவருடைய மெதுவான குரல், கீழே டயர் கடைக்காரருக்கு மட்டும்தான் கேட்டது.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "வாயைத் திறக்காம வேலை செய்யவே மாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"எண்ணிக்கோங்க மேடம். பத்து கீதா? எங்க லைன்ல பத்தும் வெச்சிகினு கீறவன் கம்மி. கண்ணு பாக்கணும், கை காட்டணும், வாய் சொல்லணும், காது கேக்கணும். நாலும் ஒத்துகினாதான் பட்டனைத் தொடணும். கண்ணு மட்டும் பாத்தா இன்னா ஆவும்? மனசு வூட்டுக்குப் பூடும்."

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். விரல் பத்தும் இருந்தாலும் தோள்பட்டை போய்விட்டதாம், வலது கை காதுக்கு மேலே ஏறாதாம். சூப்பர்வைசர் கறாராகச் சொல்லியிருக்கிறார்: ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சீட் காலியாகிறது, இந்த பேட்ச் முடியும்போது சான்றிதழைக் கொண்டு வந்தால் சீட் உனக்கு, இல்லாவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போ. அடுத்த பேட்ச் வரை சீட் காத்திருக்காது. "அதான் மேடம், தப்பு வுடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரையைக் காட்டி "சேவ்! ஓகே!" என்றார்.

இந்த "சேவ், ஓகே" தான் பின்னால் வினையாயிற்று. நாலு வரி அடித்தால் ஒரு சேவ். இரண்டு மாதத்தில் வகுப்பே அவர் குரலுக்குப் பழகிவிட்டது. அவர் "சேவ்!" என்றால் இருபத்தோரு பேரும் அவரவர் வேலையைச் சேமித்துவிட்டு "ஓகே!" என்பார்கள். அந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் தானாகச் சேமிக்கிற வசதியை, மெஷின் மெதுவாகிறது என்று எப்போதோ யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். சேமிக்கச் சொல்லிக் கத்துவது என் வேலை. அது மிச்சமானதில் எனக்கு ரொம்ப திருப்தி.

அடுத்து டேக். காலண்டர் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, அவரே கலர் அடித்து, சணல் கோர்த்துக் கொண்டுவந்தார். பச்சை என்றால் நன்றாக இருக்கிறது, தேவை. சிவப்பு என்றால் கெட்டுவிட்டது, மாற்று அல்லது தூக்கிப் போடு. ஒவ்வொன்றிலும் நாலு வரி: பொருள், நிலை, தேவையா, பார்த்தவர். கம்பெனியில் இப்படித்தானாம். ஒரே வாரத்தில் எங்கள் லேபில் பச்சையைத் தேட வேண்டியதாகிவிட்டது. பிரின்டருக்குச் சிவப்பு, இரண்டு ஃபேனுக்குச் சிவப்பு, கால் ஆடும் ஒரு நாற்காலிக்குச் சிவப்பு.

அந்த நாற்காலியில் போய் எங்கள் முதல்வர் உட்கார்ந்தார். வகுப்பைப் பார்வையிட வந்தவர், பின்வரிசையில் பத்து நிமிஷம் இருந்துவிட்டு எழுந்து போனார். சணல் அவர் பெல்ட்டில் மாட்டிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. படியிறங்கி, டயர் கடையைக் கடந்து, டீக்கடை வரைக்கும் மனிதர் முதுகுக்குக் கீழே சிவப்பு அட்டையோடு நடந்திருக்கிறார். "நிலை: ஆடுது. தேவையா: இல்லை." டயர் கடைக்காரர் ஒரு வாரம் சிரித்தார். எனக்கு அன்று மாலை அரைமணி நேரம் அர்ச்சனை நடந்தது.

அதற்கப்புறம் டேக்கைக் கண்டாலே கத்தரிக்கோலை எடுத்துவிடுவேன். கரண்ட் போனால் கைகொடுக்க வேண்டிய யூ.பி.எஸ்.ஸில் ஒன்று கட்டியிருந்தார். "நிலை: செத்துப்போச்சு. தேவையா: மாத்தணும்." வெட்டினேன். மறுபடியும் கட்டினார். வெட்டினேன்.

"மேடம், ஆபீஸ்ல சொல்ட்டீங்களா?"

"எழுதிப் போட்டிருக்குண்ணா."

எழுதவில்லை. முதல்வர் முகத்தில் விழிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். காலையிலேயே லேபைச் சுற்றி வந்து எல்லா டேக்கையும் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். யூ.பி.எஸ்.ஸில் மூன்றாவது தடவையாகக் கட்டியிருந்தார், அதையும்தான். அவர் வாசலில் வலம் இடம் காட்டி முடித்து உள்ளே வந்து பார்த்தார்.

"மேடம், யூ.பி.எஸ். டேக்கு..."

"சும்மா இருங்கண்ணா. வெளியாளு வர்றாரு, மானம் போயிடும்."

வெளித் தேர்வாளர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார். கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம். நாற்பது சாமான்களின் இருப்புப் பட்டியலை அடித்து, கூட்டி, சேமித்துக் காட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம். ஆரம்பித்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை, "ஃபைல்! ஓகே!" என்று ஏழாம் நம்பர் மெஷினிலிருந்து முழங்கியது.

"யாருய்யா அது? பரீட்சையில பேசற?"

"பேசல சார். சொல்றேன்."

"வாய் அசைஞ்சா வெளிய அனுப்பிடுவேன்."

ஓகே அண்ணன் வாயை மூடினார். விரலை மட்டும் நீட்டினார். "என்ன அங்க, சிக்னலா? கையும் காட்டக் கூடாது" என்றார் தேர்வாளர். விரலும் மடங்கியது. அந்த லேபில் நான் அதுவரை கேட்டிராத அமைதி. ஃபேன் சத்தமும் கீபோர்டு சத்தமும் தவிர ஒன்றும் இல்லை. எனக்கு அது ரொம்ப சுகமாக இருந்தது என்பதை இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போனது. யூ.பி.எஸ். ஒரே ஒரு தடவை "கீ" என்றது. அவ்வளவுதான்.

கால்மணி நேரத்தில் கரண்ட் வந்து, மெஷின்கள் எழுந்தன. இருபத்திரண்டு திரையிலும் வெறும் கட்டம். ஒரு சாமான்கூட இல்லை.

"ஏன்டி, ஒருத்தர்கூடவா சேவ் பண்ணல?" என்று ஸ்டெல்லாவைப் பிடித்தேன்.

அவள் அழுகிற குரலில், "அண்ணன் சொன்னாதானே மேடம் பண்ணுவோம்!" என்றாள். பின்னாலிருந்து எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

ஓகே அண்ணன் தன் பத்து விரலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நானும் பண்ல மேடம். வாய் சொல்லல, கை போவல. தப்பு நம்பள்து தான்" என்றார். டேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். "இருக்கறதுக்குத்தான் மார்க் போட முடியும். ஒண்ணும் இல்லன்னா சைபர்." கரண்ட் போனதும் ஓடிவந்த முதல்வர் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தார். ஏழாம் நம்பரில் அந்தச் சாம்பல் சட்டை நிமிரவே இல்லை. ஸ்டோர்ஸ் சீட் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

நான் நேரே குப்பைக்கூடைக்குப் போனேன். அதைக் கிளறி அந்தச் சிவப்பு அட்டையை எடுத்து, தூசியைத் துடைத்து, தேர்வாளர் முன்னால் வைத்தேன்.

"சார், யூ.பி.எஸ். செத்துப்போச்சுன்னு இவர் மூணு தடவை எழுதிக் கட்டினாரு. மூணையும் வெட்டினது நான். ஆபீஸுக்கு எழுதவே இல்லை. முதல்வர்கிட்ட சொல்லவும் இல்லை. சைபர் போடறதுன்னா எனக்குப் போடுங்க."

முதல்வர் முகம் அட்டையின் கலருக்கு வந்தது. தேர்வாளர் அட்டையை நாலு வரியும் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் படித்தார். பேனாவை மூடினார்.

"முதல்லேர்ந்து ஆரம்பிங்க. முழு நேரம் தர்றேன்." கொஞ்சம் யோசித்து, "கரண்ட் மறுபடியும் போகாதுன்னு என்ன நிச்சயம்? அந்த சேவ் சொல்ற ஆளைச் சொல்லச் சொல்லுங்க. அது ஒண்ணு மட்டும்" என்றார்.

ஓகே அண்ணன் எழுந்து நின்று, அவரைப் பார்த்து விரலை நீட்டி, "ஓகே சார்!" என்றார்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்தக் கட்டடம் அதிர்ந்தது. "சேவ்!" என்று ஒரு குரல், "ஓகே!" என்று இருபத்தோரு குரல். மேலே என்ன கலாட்டா என்று டயர் கடைக்காரர் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார். கரண்ட் அன்றைக்கு அப்புறம் போகவே இல்லை. அதன் குணம் அப்படி.

எல்லாரும் தேறினார்கள். ஓகே அண்ணனுக்கு ஸ்டோர்ஸ் சீட் கிடைத்தது. எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. லேபுக்குப் புது யூ.பி.எஸ். கிடைத்தது. எங்கள் முதல்வர் அன்றிலிருந்து எந்த நாற்காலியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

சான்றிதழ் வாங்க அவர் வந்த அன்று எனக்குப் பேச நேரமில்லை. அடுத்த பேட்சுக்கு அட்மிஷன் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸில் வாங்கிக்கொண்டு, லேபை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். நான் லேபுக்குத் திரும்பி வந்து என் நாற்காலியில் சாய்ந்தால் முதுகில் ஏதோ குத்தியது. பச்சை அட்டை.

பொருள்: மேடம். நிலை: நல்லா கீது. தேவையா: தேவை. பார்த்தவர் என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயர், ஒவ்வொரு எழுத்தாகத் திருத்தமாக.

அந்த வேலையை விட்டபோது நாற்காலியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு குன்றத்தூர் வீட்டுக்கு வந்துவிட்டேன். இதையும் அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கிறது. அட்டை இன்னும் முதுகில் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. குத்தட்டும், வெட்ட மாட்டேன்.