முழுக்கைச் சட்டையும் முப்பது ஷட்டர்களும்

உற்பத்தியைப் பெருக்குவது எப்படி என்று பதினைந்து வருடங்களாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆனால் நிஜத்தில் உற்பத்திக்கு நான் செய்த ஒரே காரியம், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சந்து முழுவதையும் ஐந்தே நிமிடத்தில் இழுத்து மூட வைத்ததுதான்.

அப்போது நான் தற்காலிக விரிவுரையாளர். சிறு பட்டறைகளைப் பற்றி ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமைக்குள் முப்பது பட்டறைகளில் கேள்வித்தாளை நிரப்பி வாங்காவிட்டால் அந்த வருடம் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் நிரந்தர வேலை கனவுதான்.

நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த எஸ்டேட்டில் லேத் ஓட்டியே எங்களை வளர்த்தவர். நான் கேள்வித்தாளோடு கிளம்பிய அன்றைக்கு எனக்காக லீவு போட்டிருந்தார்.

"நானும் வரேன்டா. அங்க அல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்கதான்."

"வேணாம் நைனா. நீ பக்கத்துல இருந்தா அவங்க சொல்ற பதில் ஒருபக்கமா போயிடும். ஆராய்ச்சி கெட்டுடும்."

(பச்சைப் பொய். எண்ணெய்க் கறை படிந்த அந்தக் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.)

இஸ்திரி போட்ட முழுக்கை வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் பரீட்சை அட்டை. முதல் பட்டறைக்குள் நுழைந்து, "இங்க எத்தனை பேர் வேலை செய்றாங்க? எத்தனை மணி நேரம்?" என்று கேட்டேன். (ரெய்டுக்கு வந்திருக்கிறேன் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.)

"ஓனர் ஊர்ல இல்ல சார். நான் சும்மா டீ குடிக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஓனர் வெளியே நடந்தார். அடுத்த நொடி அவர் குரலே கேட்டது: "மாமே, ஆபீசர் வந்துகிறாரு! ஷட்டர இறக்கு!"

சடசடவென்று சந்துக் கோடி வரை ஷட்டர்கள் இறங்கின. ஆயுதபூஜை மறுநாள்கூட அந்தச் சந்து அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. நடுத்தெருவில் நானும் ஒரு நாயும். நாயும் கொஞ்சம் தள்ளித்தான் நின்றது.

வேறு வழியில்லாமல் நைனாவுக்குப் போன் போட்டேன். அதே காக்கிச் சட்டையில் மொபெட்டில் வந்து ஷட்டரைத் தட்டினார்.

"தொறங்கடா! ஆபீசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் புள்ள. நம்மளப் பத்திதான் பட்ச்சுகினு கீறான்!"

ஷட்டர்கள் ஏறின. டீ வந்தது, பதில் வந்தது, சாயங்காலத்துக்குள் முப்பது தாளும் நிறைந்தன. ஆனால் நைனா ஒரு பட்டறைக்குள்ளும் வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் வெயிலிலேயே நின்றார். ஒரு ஓனர் கூப்பிட்டதற்கு, "வேணாம்பா. நான் உள்ள வந்தா பதில் ஒருபக்கமா பூடும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் குனிந்து அடுத்த கேள்வியைப் படித்தேன்.

நிரந்தர வேலை கிடைத்து முதல் நாள் கல்லூரி வாசலில் என்னை இறக்கிவிட்டபோதும் உள்ளே வராமல் அதையே சொல்லிச் சிரித்தார். என் பொய்யை நம்பினாரா, புரிந்துகொண்டு கிண்டல் செய்தாரா, கேட்கவே இல்லை. போன வருடம் போய்விட்டார்.

இன்றும் நான் முழுக்கைச் சட்டையை மாட்டினால் என் மகள், "ஆபீசர் வராரு, ஷட்டர இறக்கு!" என்று கத்துவாள். வீடே சிரிக்கும், நானும்தான். வகுப்பில் பாடம் நடத்தும்போது மட்டும் கண் வாசல் பக்கம் போய்விடுகிறது. ஒரு காக்கிச் சட்டை அங்கே வந்து நின்றால் சொல்வதற்கு என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: உள்ள வா நைனா.