பிராசசரா கார்டா என்று வேண்டாம் அண்ணனிடம் கேட்ட மதியம்

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களை எதுவும் வாங்க விடாமல் திருப்பி அனுப்பிய மனிதர் திருச்சியில் ஒருவர்தான். அவருக்கு முன்னும் கிடையாது. இனியும் இருக்க முடியாது, பிழைக்க வேண்டுமே.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை. போர்டில் ஏதோ பெயர் எழுதியிருந்தது. யாரும் படித்ததில்லை. எங்களுக்கெல்லாம் அவர் வேண்டாம் அண்ணன்.

துறையூரிலிருந்து ஒரு வெங்காய வியாபாரி வந்தார்.

"பையனுக்குக் கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு குடுங்க. இருக்கறதுலயே பெருசா."

"பையன் என்ன படிக்கிறான்?"

"பத்தாவதுங்க. பரீட்சை வருது."

"வேண்டாம்."

"காசு குடுத்துத்தாங்க கேக்கறேன்."

"காசு நீங்க குடுப்பீங்க. பரீட்சை யாரு எழுதறது, நானா?"

சமயபுரத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் புதுக் கம்ப்யூட்டர் கேட்டார். எத்தனை அறை என்று விசாரித்தார் அண்ணன். ஆறு என்றார் அவர். "ஆறு ரூமுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர்? வாசல்ல செருப்பைப் பார்த்தா தெரியாதா?" வந்தவர் கோபமாகப் படியிறங்கிப் பக்கத்துக் கடைக்குள் நுழைந்தார். அந்தக் கடைக்காரர், தினமும் ஊதுபத்தி ஏற்றும்போது அண்ணன் கடை இருக்கும் திசையையும் பார்த்து ஒரு சுற்று சுற்றுவாராம்.

அண்ணன் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரைப் புது பிரிண்டர் வாங்க விடாமல் தடுத்தார். அடுத்த வாரமே பழையது படுத்துவிட்டது. அந்த ஆள் மாடிப்படியில் நின்று திட்டியது சந்து முழுக்கக் கேட்டது. "தப்புதாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார் அண்ணன். மறுநாள் காலை முதலில் வந்தவரிடம் மறுபடியும் "வேண்டாம்" என்றார்.

இப்படிப்பட்டவரிடம் அவசரத்துக்குப் போய் நிற்பவன் எந்த நிலையில் இருந்திருப்பான் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் நின்றேன்.

ஸ்ரீரங்கத்தில் கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு லைட் பிடிக்கப் போனவன், கேமராவுக்குப் பின்னால் நின்றால் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று கண்டுகொண்டு அங்கேயே தங்கிவிட்டேன்.

அன்று ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள். பெண்ணின் அம்மா, கல்யாணத்துக்கு முந்தின நாள் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு வீட்டிலேயே படுத்துவிட்டார். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை. மாலை ஆறு மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் சென்னைக்குப் புறப்படுகிறார்கள். அதற்குள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அம்மா அதைப் பார்த்துவிட வேண்டும். பெண்ணின் அப்பா கேட்டது இவ்வளவுதான்.

"கேமராவுல இருக்கறத அப்படியே காமிச்சுடப்படாதா?" என்றார்.

கேமராவில் இருந்தது, தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே எழுந்து நின்ற உறவினர்களின் முதுகுகள். மூன்று கேமராவிலிருந்தும் பொறுக்கி ஒட்டினால்தான் தாலியே தெரியும். ஒட்டியும் விட்டேன். ஒட்டியதைக் கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சேர்த்துத் தர வேண்டும். திரையில் ஒரு பச்சைக் கோடு நகரும். பாதியைத் தொடுவதற்குள் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். காலையிலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்தும் அதே கதை. அன்றும் முகூர்த்த நாள், மற்ற ஸ்டூடியோக்காரர்கள் எல்லோரும் மண்டபங்களில் இருந்தார்கள்.

தெரிந்தவர் ஒருவர், கணக்குப் போடும் மூளையான பிராசசரை மாற்று என்றார். இன்னொருவர், படம் வரையும் கையான கிராபிக்ஸ் கார்டைப் போடு என்றார். என் சட்டைப்பையில் இருந்த பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். தப்பானதை வாங்கிவிட்டால் அவ்வளவுதான்.

அண்ணன் கடைக்குக் கிளம்பியபோது பெண்ணின் அப்பாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். காவிரிப் பாலம் முழுக்க என் கம்ப்யூட்டர் பெட்டி அவர் மடியில் இருந்தது. காது குத்தப் போகும் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

மாடியில் அண்ணன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பெட்டியை அவர் முன்னால் மேசையில் வைத்தேன். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"பிராசசரா, கார்டா, நீங்கதாண்ணே சொல்லணும்."

"வேண்டாம்."

"எதுண்ணே வேண்டாம்?"

"ரெண்டும்."

பெண்ணின் அப்பாவுக்கு நெற்றித் திருமண் நெளிந்தது. "ஸ்வாமி, நீர் கடை வெச்சிருக்கீரா, மடம் வெச்சிருக்கீரா? கொழந்தை ஆறு மணிக்குப் பொறப்படறா."

"உக்காருங்க சாமி" என்றார் அண்ணன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, கம்ப்யூட்டரைப் போட்டுப் பச்சைக் கோட்டை ஓட விட்டார். இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, ஒரு புறங்கையைப் பிராசசர் பக்கமும் இன்னொன்றைக் கார்டின் மேலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். திடீரென்று ஒரு கையை உதறினார்.

"கார்டு சும்மா கிடக்கு. பிராசசர் கொதிக்குது."

"அப்ப பிராசசர்தானேண்ணே மாத்தணும்?" என்று பணத்தை எடுத்தேன்.

"புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா புள்ளையவா மாத்துவீங்க?"

டார்ச் அடித்தார். பிராசசரின் மேலிருக்கும் சின்ன விசிறி சுற்றவேயில்லை. அதன் கழுத்தில் நார் சுற்றியிருந்தது. அடியில், தகடுகளின் இடுக்கெல்லாம் கருகிய இலைகள்.

"என்னங்க இது?"

எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. சனிக்கிழமைதோறும் கோயிலில் கொடுக்கும் துளசி மாலையை வீட்டுக்கு எடுத்துப்போகாமல், தொழில் நடக்கட்டும் என்று கம்ப்யூட்டர் தலையில்தான் வைப்பேன். தலை முழுக்கச் சல்லடைத் துளை என்பதை நான் யோசிக்கவில்லை.

"பெருமாளை மூக்கு வரைக்கும் திணிச்சு வெச்சா அது எப்படிங்க மூச்சு விடும்?" என்று தூசி ஊதும் பிளோயரை எடுத்தார் அண்ணன்.

"நிறுத்தும் ஸ்வாமி" என்று பெண்ணின் அப்பா குறுக்கே பாய்ந்தார். "துளசி கால்ல மிதிபடப்படாது."

அப்புறம் நடந்ததை என் கேமரா எடுத்திருக்க வேண்டும். அண்ணன் ஊத ஊத, பெண்ணின் அப்பா மேல்துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, பறக்கும் இலைகளைக் கடை முழுக்கத் துரத்தினார். ஓர் இலை மேசைக்கு அடியில் போனது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தவழ்ந்துபோய் அதையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

நாரை அறுத்து, விசிறியைச் சுழல விட்டு, பிராசசர் மேல் சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவினார் அண்ணன்.

"இப்ப ஓடிடுமாண்ணே?"

"தெரியலீங்க. நான் தப்பா சொல்லியும் இருக்கேன்."

கம்ப்யூட்டரை மறுபடி ஓட விட்டேன். பச்சைக் கோடு கிளம்பியது. மூன்று பேரும் ஸ்டூலில் வரிசையாக உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா உதட்டுக்குள் பாசுரம் சொன்னார். அண்ணன் கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தார். வழக்கமாக அணையும் இடம் நெருங்கியபோது, மறுபடி புறங்கையை உள்ளே விட்டார். யாரோ ஒரு வாடிக்கையாளர் படியேறி வந்து ஏதோ கேட்டார். திரும்பிப் பார்க்காமலே "வேண்டாம்" என்றார்.

கோடு அந்த இடத்தைத் தாண்டியது. நின்றதுபோல் இருந்தது. மறுபடி நகர்ந்தது. முடிந்தபோது மணி ஐந்தைத் தொட்டிருந்தது.

வழியில் மறுபடி ஏதாவது ஆகிவிடும் என்று அண்ணனும் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். இந்தத் தடவை பெட்டி அவர் மடியில்.

அம்மா கட்டுப்போட்ட காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில். "உன் அத்தை முதுகைத்தான் எடுத்திருக்கான் போலிருக்கு" என்று முதலில் சிரித்தார். தாலி ஏறியதும் திரையை நோக்கிக் குனிந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தரம் போடுப்பா" என்றார். போட்டேன். வாசலில் கார் ஹார்ன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

பணம் நீட்டியபோது அண்ணன் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் காரில் ஏறுவதற்கு முன் அந்தப் பெண், இலையில் அக்காரவடிசல் வைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாமா?"

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அண்ணன் இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"போடும்மா" என்றார்.

இப்போது அந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். மகள் இருக்கும் ஊருக்கே அண்ணன் போய்விட்டதாகக் கேள்வி. என் கம்ப்யூட்டரில் இன்னும் அதே பிராசசர், அதே கார்டு. சனிக்கிழமைத் துளசியை இப்போது பக்கத்தில் ஒரு தட்டில் வைக்கிறேன். வைக்கும்போது வீட்டில் உள்ளவர்கள் பெயரை எல்லாம் சொல்லி, நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். கடைசியாக இன்னொருவர் பெயரும் வரும். நிஜப் பெயர் தெரியாது. வேண்டாம் அண்ணன் என்றாலே பெருமாளுக்கு ஆள் தெரியும்.